ஒருவனைப் பின்தொடரும் சத்தம்

அக்டோபர் மழையில், போளூரிலிருந்து மலைக்கு ஏறும் சாலை இரண்டு வளைவுகளில் சரிந்து விழுந்தது. அதற்கு முந்தைய நாளே நதியா கடைசிப் பேருந்தைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்திருந்தாள். தோள்பையில், பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றிய அலுவலக லேப்டாப் இருந்தது. "மழை விடற வரைக்கும் வூட்லேர்ந்தே செய்மா. டவர் மட்டும் கெடைக்குதான்னு பாத்துக்கோ" என்று மேலாளர் ஷோபனா சொல்லி அனுப்பியிருந்தார்.

வீட்டில் டவர் கிடைக்கவில்லை. வீட்டுக்கு மேலே, சாமைக் கொல்லையின் உச்சியில், பன்றிக்குக் காவல் இருக்கப் போட்ட கொட்டாயில் கிடைத்தது. நான்கு கம்பு, புல் கூரை, அதன்மேல் ஒரு நீலத் தார்ப்பாய். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு, மடியில் பலகை வைத்து, பலகையின்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டாள். எதிரே பள்ளத்தாக்கு இருக்க வேண்டிய இடத்தில் மூடுபனி இருந்தது. காலை ஒன்பது மணிக்கு வெள்ளையாக நின்றது. பன்னிரண்டு மணிக்கும் அப்படியே நின்றது. நேரம் போகிறதா இல்லையா என்பதை லேப்டாப்பின் மூலையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வேலை என்னவென்று அம்மா மங்கம்மாளுக்கு அவளால் ஒருபோதும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. போளூரில் உரக்கடை ஒன்றின் மாடியில் இருபது பேர் உட்கார்ந்து செய்யும் வேலை. வெளிநாட்டு நிறுவனங்கள் படங்களையும் ஒலிகளையும் அனுப்பும். அவற்றைப் பார்த்தும் கேட்டும், இது இன்னது, அது இன்னது என்று குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆயிரம் பேர் குறித்ததை வைத்து அங்கே ஒரு கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும். போன வருடம் தக்காளி இலையில் விழுந்த நோய்ப் புள்ளிகளைக் குறித்தாள். அதற்கு முன், யாருடைய ஊரிலோ உள்ள தெருக்களில் சிக்னல் விளக்குகளைக் குறித்தாள். இந்த முறை வந்திருந்தது சத்தம். இத்தாலியில் உள்ள கால்பந்து மைதானங்களில் கூட்டம் எழுப்பும் சத்தம்.

இருபது இருபது விநாடித் துண்டுகளாக வரும். படம் கிடையாது. கேட்டுவிட்டு ஆறு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். பாட்டு, கைத்தட்டல், விசில், கூச்சல், இனவசை, ஒன்றுமில்லை. கூச்சல் என்பது எதிரணியைப் பார்த்து எல்லோரும் போடுவது. இனவசை என்பது வேறு. கறுப்பு நிற ஆட்டக்காரர் ஒருவரிடம் பந்து போனதும் கூட்டத்தில் சிலர் குரங்கைப்போல் கத்துவார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கம்ப்யூட்டருக்குப் படிப்பு. பயிற்சி நாளில் நவீன்குமார் இதை விளக்கினான். அவன்தான் இந்த வேலைக்குத் தரம் பார்ப்பவன். நதியாவும் அவனும் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இந்த இடம் காலியாக இருக்கிறது என்று இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குத் தகவல் சொன்னவனும் அவன்தான்.

ஹெட்போனை மாட்டியதும் மழை நின்றுவிடும். கூரையில் சொட்டும் தண்ணீர், கீழே ஓடை, தூரத்தில் யாரோ மாட்டை அதட்டுவது, எல்லாம் ஒரே நொடியில் அணைந்துபோகும். அந்த இடத்தில் ஐம்பதாயிரம் பேர் வந்து நிற்பார்கள். அவர்கள் பாடும்போது அவளுக்கு மொழி புரியாது, ஆனால் பாட்டு நன்றாக இருந்தது. தேரிழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அதைப்போல ஏறி ஏறி இறங்கியது. சில துண்டுகளில் அவள் பொத்தானை அழுத்த மறந்து, இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பனிக்கு அப்பால் எதிர்மலையின் படிப்படியான கொல்லைகளில் அந்தச் சனமெல்லாம் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

அந்தச் சத்தம் முதலில் வந்தது இரண்டாம் நாள் முற்பகலில்.

பயிற்சியில் கேட்ட மாதிரிகளைவிட அது மெதுவாக இருந்தது. பெரிய இரைச்சலுக்கு அடியில், அடித்தொண்டையிலிருந்து, ஊ, ஊ, ஊ என்று வெட்டி வெட்டி வந்தது. நாலைந்து பேர்தான் தொடங்கினார்கள். பிறகு ஒரு பக்கம் முழுக்க அதற்கு ஏறிக்கொண்டது. நதியா இனவசை என்பதை அழுத்தினாள். அடுத்த துண்டு கைத்தட்டல். அதற்கடுத்ததில் மறுபடி அது. அன்று மாலைக்குள் முப்பது துண்டுகளில் அதைக் குறித்தாள். கண்டுபிடிக்க அவளுக்குச் சிரமமாகவே இல்லை. சத்தம் எழுவதற்கு முன்பே, அது எழப்போகிறது என்று அவளுடைய கழுத்துக்குத் தெரிந்தது.

துண்டுகள் கலைந்துதான் வரும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆட்டத்தின் எண்ணும் வரிசை எண்ணும் உண்டு. மூன்றாம் நாள், ஒரே ஆட்டத்தின் துண்டுகள் நிறைய வருவதைக் கண்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரிசை எண்களை எழுதத் தொடங்கினாள். எங்கே சத்தம் எழுகிறது, எங்கே அடங்குகிறது என்று பென்சிலால் மேடும் பள்ளமுமாகக் கோடு போட்டாள். நான்கு விநாடி எழுந்தது, அடங்கியது. அரை நிமிடம் ஒன்றுமில்லை. மறுபடி ஆறு விநாடி. தாள் நிரம்ப நிரம்ப அவளுக்குப் புரிந்தது. அது கூட்டத்தின் கோபம் இல்லை, யாருடைய தோல்விக்கும் போடும் சத்தம் இல்லை. ஒருவனிடம் பந்து வரும்போது எழுகிறது. அவன் பந்தை வேறு ஒருவனுக்கு அனுப்பியதும் நின்றுவிடுகிறது. அத்தனை பெரிய மைதானத்தில் இருபத்திரண்டு பேர் ஓடுகிறார்கள். சத்தம் ஒருவனை மட்டும் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே போகிறது.

அதன்பிறகு அவன் பனிக்குள் தெரியத் தொடங்கினான்.

முகம் தெரியவில்லை. உயரமாக இருந்தான், அவ்வளவுதான். எதிர்மலைச் சரிவில் இடப்பக்கமாக ஓடி வருவான். சத்தம் எழும். வலப்பக்கம் திரும்புவான். சத்தமும் திரும்பும். கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றாகவே இருந்தது, இரண்டிலும் வெள்ளைதான். அவன் கால் பட்ட இடத்தில் சாமைக் கதிர்கள் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தன. ஒரு சமயம் அவன் நின்று இந்தக் கொட்டாயைப் பார்ப்பதுபோல் இருந்தது. நதியா ஹெட்போனைக் கழற்றினாள். மழை திரும்பி வந்தது. கொல்லையின் ஓரத்தில், புங்கமரத்தடியில், நான்கு குரங்குகள் நனைந்தபடி சாமைக் கதிரை உருவித் தின்றுகொண்டிருந்தன.

அவற்றை விரட்டத்தான் மங்கம்மாள் ஏறி வந்தாள். தகரத்தைத் தட்டிவிட்டு, மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எப்ப பாரு காதுல மாட்டினு கீறியே. இன்னா பாட்டு அது?"

"பாட்டு இல்லமா. கேக்கறியா?"

மங்கம்மாள் முக்காட்டைத் தள்ளிவிட்டு ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்டாள். இருபது விநாடியும் அசையாமல் நின்றாள்.

"இன்னா சத்தம்னு நெனைக்கிற?" என்று நதியா கேட்டாள்.

"மனுசன் கத்துறான்."

"கொரங்கு மாதிரி கத்துறாங்களாம்மா. ஒருத்தரப் பாத்து."

"கொரங்கு எங்க இப்டி கத்துது?" மங்கம்மாள் ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இவ்ளோ நாளா அதுங்ககூட மல்லுக்கட்டினு கீறேன். ஒரு நாளும் இப்டி கத்துனது இல்ல. இது மனுசனுக்குத்தான் வரும்." தகரத்தை எடுத்துக்கொண்டு, வழுக்கும் வரப்பில் கால் விரல்களை ஊன்றி இறங்கிப் போனாள்.

மறுநாள் நவீன்குமார் போனில் கூப்பிட்டான். அவள் அனுப்பிய துண்டுகளில் நூற்றுப் பதினேழைத் திருப்பி அனுப்பியிருந்தான்.

"நதியா, இதெல்லாம் கூச்சல்னு வரணும். நீ இனவசைனு போட்டு வெச்சிருக்கே."

"கூச்சல் இல்ல நவீன். நல்லா கேட்டியா?"

"கேட்டேன். ஊன்னு கத்துறாங்க. எதிர் டீமைப் பாத்து எல்லாரும் அப்டித்தான் கத்துவாங்க. தெளிவா தெரிஞ்சா மட்டும்தான் அந்தப் பட்டனை அமுக்கணும். சந்தேகம்னா கூச்சல். ரூல்ல அப்டித்தான் கீது."

"எனக்கு சந்தேகம் இல்லியே."

"மத்தவங்க யாரும் இவ்ளோ போடல. உன்னுது மட்டும் தனியா தெரியுது. மாத்திடு, ஒண்ணும் பெரிய விசயமில்ல."

அவன் கடுமையாகப் பேசவில்லை. அவன் எப்போதும் கடுமையாகப் பேசுகிறவன் இல்லை. நதியா சரி என்றாள். போனை வைத்துவிட்டு ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினாள். பத்து, பதினைந்து, இருபது. மாற்றுவது எளிதாக இருந்தது, விரலால் ஒரு தட்டு.

இருபத்தாறாவது துண்டில், மைக் ஏதோ ஒரு வீரனுக்கு மிகப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். புல்லில் காலணி தேயும் ஓசை கேட்டது. மூச்சு வாங்குவது கேட்டது. பின்னால் அந்தச் சத்தம். இன்னொரு குரல் கிட்டே வந்து அவனிடம் என்னவோ கேட்டது. மொழி தெரியாவிட்டாலும், நீ நல்லா இருக்கியா என்பதைப் போன்ற கேள்வி அது. அதற்கு அவன் ஒரு வார்த்தை சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். சின்னதாக, மூக்கு வழியாக, ஒன்றுமில்லை என்பதுபோல.

நதியா அதைத் திரும்பக் கேட்டாள். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். அது அவளுடைய சிரிப்பு.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவளுடைய வருகை எண் முப்பத்தொன்று. காலையில் ஆசிரியர் எண்களைப் படிப்பார். முப்பத்தொன்று என்றதும் அவள் எழுந்து, "உள்ளேன் சார்" என்பாள். உடனே கடைசி பெஞ்சிலிருந்து, அடித்தொண்டையில், ஊ, ஊ, ஊ. வகுப்பில் மலையிலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான். முதல் வாரம் அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து திரும்பவில்லை. ஆசிரியர் தலை தூக்காமல், உதட்டோரம் லேசாகப் புன்னகைத்தபடி முப்பத்திரண்டு என்பார். மாதங்கள் போயின. ஒருநாள் சத்தம் வந்ததும் அவளும் சிரித்தாள். சின்னதாக, மூக்கு வழியாக. பக்கத்தில் இருந்தவள், "நீ ஸ்போர்ட்டிவ்டீ" என்று தோளைத் தட்டினாள். அந்தச் சிரிப்பைப் பற்றி நதியா யாரிடமும் சொன்னதில்லை. சத்தம்கூட அவளுக்குப் பரவாயில்லை. தான் சிரித்ததுதான் உள்ளே எங்கோ ஆறாமல் கிடந்தது.

அன்று பகலில், நாற்காலியில் சாய்ந்தபடியே கண் அயர்ந்தாள். பனிக்குள் எதிர்மலைக் கொல்லைகளெல்லாம் நிறைந்திருந்தன. கம்பளி மப்ளர் சுற்றிய ஆண்கள், தோளில் குழந்தைகளை ஏற்றியவர்கள், தொப்பி போட்ட கிழவர்கள். மேல்வரிசையில் வருகைப் பதிவேட்டோடு அவளுடைய ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். கீழே பள்ளத்தில் அந்த உயரமான மனிதன் பந்தில்லாமல் நின்றான். யாரும் கத்தவில்லை. எல்லோரும் வாயைத் திறந்து காத்திருந்தார்கள். ஆசிரியர் எண்ணைப் படிக்க வேண்டும், அதற்காகத்தான் காத்திருந்தார்கள். அவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பனியில் தாள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அந்த மனிதன் அவளைப் பார்த்தான். பிறகு மெல்ல நடந்து, சரிவேறி, கூட்டத்தின் நடுவே வழி கேட்டுக்கொண்டு, மலைக்கு அப்பால் போனான். அவனுக்கு எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

விழித்தபோது தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் கால்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. நதியா லேப்டாப்பைத் துடைத்து, மாற்றிய இருபத்தைந்தையும் மறுபடி பழையபடியே மாற்றினாள். இனவசை, இனவசை, இனவசை. நூற்றுப் பதினேழுக்கும் அதையே போட்டு அனுப்பினாள். குறிப்பு எழுதும் கட்டத்தில், "இது ஒருவரை மட்டும் பின்தொடர்கிறது. வரிசையாகக் கேட்கவும்" என்று எழுதினாள்.

ஐந்து நாள் கழித்துச் சாலையில் மண்ணை அள்ளிப் போட்டு ஒரு பக்கம் வழி விட்டார்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து வந்த முதல் பேருந்தில் அவள் போளூருக்குப் போனாள். கீழே வெயில் அடித்தது. மலைமேல் நின்ற வெள்ளை இங்கே யாருக்கும் தெரியவில்லை. உரக்கடை வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஷோபனாவின் மேசை முன்னால் நவீன்குமார் ஏற்கெனவே நின்றிருந்தான். ஷோபனாவுக்கு நாற்பது வயதிருக்கும். நின்று நிதானித்துப் பேசுகிறவர்.

"நதியா, நவீன் திருப்பி அனுப்புனதை நீ அப்டியே மறுபடி அனுப்பிட்டியாமே?"

"ஆமாங்க மேடம். ஏழு நிமிசம் குடுங்க. நவீன் வரிசையா கேக்கட்டும். அப்பவும் கூச்சல்னு சொன்னா நானே மாத்திடறேன்."

நவீன்குமார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். காலண்டர் தாளில் உள்ள வரிசைப்படி அவள் துண்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டினாள். அவன் முதலில் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது நிமிடத்தில் பேனா நின்றது. ஏழு நிமிடம் முடிந்தும் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"ஒரே ஆள் மேலயா?" என்றான்.

"ஒரே ஆள் மேலதான். நடுவுல ரெண்டு நிமிசம் சத்தமே வரல பாத்தியா? அடிபட்டு வெளிய ஒக்காந்திருப்பாருன்னு நெனைக்கிறேன். அவரு உள்ள வந்ததும் மறுபடி ஆரம்பிக்குது."

"எனக்குத் தனித்தனியா கேக்கறப்போ தெரியல."

"எனக்குத் தனித்தனியா கேட்டாலே தெரியும் நவீன்."

"எப்டி?"

அவள் சொல்ல நினைக்கவில்லை. பேருந்தில் வரும்போதுகூட இதைச் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். "செகண்ட் இயர்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்போ எனக்குக் கத்துவாங்களே. அதே சத்தம்தான்."

மாடியில் மின்விசிறி சுற்றியது. பக்கத்து வரிசையில் டைப் செய்துகொண்டிருந்தவர்கள் டைப் செய்துகொண்டே இருந்தார்கள். நவீன்குமாருடைய காது சிவந்தது.

"நான் கத்துனேனா?"

"தெர்ல. நான் திரும்பிப் பாக்கறதில்ல."

"எனக்கு ஞாபகமே இல்ல நதியா."

"எனக்கு கீது."

ஷோபனா இருவரையும் பார்த்துவிட்டு, "எவ்ளோ நாள் கத்துனாங்க?" என்று கேட்டார்.

"ஒரு வருசம் மேடம். அப்புறம் நானே சிரிக்க ஆரம்பிச்சேன். அவங்களுக்கு சப்புனு ஆயிடுச்சு, விட்டுட்டாங்க."

ஷோபனா தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு நூற்றுப் பதினேழு துண்டுகளையும் அவள் குறித்தபடியே, வரிசை எண்களோடும் அவளுடைய குறிப்போடும் அனுப்பச் சொன்னார். "நமக்குள்ள ஒத்துப்போகலன்னும் சேத்து எழுதுங்க. அவங்க கேட்டு முடிவு பண்ணட்டும்."

அடுத்த வாரம் முழுக்க நவீன்குமார் அவளிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் பேருந்து நிலையத்தில் ஊர்ப் பேருந்துக்கு நின்றபோது, பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தான். இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை அவளிடம் நீட்டினான்.

"நான் யோசிச்சுப் பாத்தேன். நாலு நாளா அதேதான் ஓடுது. நான் கத்தல. ஆனா சிரிச்சேன். அது ஞாபகம் வந்துச்சு. ஜன்னல் பக்கம் ஒக்காந்திருப்பேன். அந்த சத்தம் வரும், சிரிப்பேன்."

"நானும் சிரிச்சேனே."

"அதனாலதான் நாங்கல்லாம்... உனக்கும் அது வெளாட்டுதான்னு நெனச்சோம்."

"தெரியும். நீங்க அப்டி நெனைக்கணும்னுதான் சிரிச்சேன்."

அவன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான். "இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது. ஆனா சொல்றேன். தப்புதான்."

நதியா தலையை அசைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆறுதலும் பெரிதாக வரவில்லை. ஆனால் மூக்கு வழியாக வரும் அந்தச் சிரிப்பு இந்த முறை வரவில்லை என்பதைக் கவனித்தாள். பேருந்து வந்தது. அத்திமூர் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காற்றில் ஈரம் கலந்தது. அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு கீழே விளக்குகள் சிறிதாகி, பிறகு இல்லாமல் போயின. பேருந்து எதன்மேலும் படாமல் மிதந்து போவதுபோல இருந்தது.

நிறுவனத்திடமிருந்து பதில் வர ஆறு வாரம் ஆனது. வேறு வேறு நாடுகளில் இருக்கும் மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், அந்தத் துண்டுகளை வரிசையாகக் கேட்டார்களாம். மூன்று பேரும் நதியா குறித்ததையே குறித்தார்களாம். இனி எல்லோரும் ஒரே ஆட்டத்தின் துண்டுகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று விதியை மாற்றியிருந்தார்கள். கூச்சலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நதியாவே எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். ஷோபனா அந்த மெயிலை மாடியில் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

நதியா இரண்டு பத்தி எழுதினாள். நவீன்குமார் அதை ஆங்கிலத்தில் மாற்றினான். கூச்சல் நீளமாக இழுக்கும், யார்மேல் வேண்டுமானாலும் விழும், தோற்றவர்களும் போடுவார்கள். இது துண்டு துண்டாக வரும், ஒருவர்மேல்தான் விழும், அவர் நன்றாக ஆடினாலும் வரும், மோசமாக ஆடினாலும் வரும். கத்துகிறவர்களின் குரலில் கோபம் இருக்காது, சந்தோஷம் இருக்கும். இந்தக் கடைசி வரியை வைப்பதா எடுப்பதா என்று நவீன்குமார் கேட்டான். வைக்கச் சொன்னாள்.

வாரத்தில் மூன்று நாள் மலையிலிருந்தே வேலை செய்துகொள்ளட்டுமா என்று அப்போது கேட்டாள். ஷோபனா ஒத்துக்கொண்டார்.

ஜனவரியில் புதிய துண்டுகள் வந்தன. அதே மைதானம். கூடவே ஒரு வரிக் குறிப்பும் இருந்தது. பார்வையாளர்களின் நடத்தைக்காக, இரண்டு ஆட்டங்களுக்கு ஒரு பக்க இருக்கைகள் மூடப்பட்டிருக்கின்றன. அதற்கும் அவளுடைய நூற்றுப் பதினேழு துண்டுகளுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

காவல் கொட்டாயில் உட்கார்ந்து அவற்றைக் கேட்டாள். சாமை அறுத்து முடிந்திருந்தது. பனிக்காலக் காலை, வெள்ளை முழுவதும் பள்ளத்தில் இறங்கி, ஏரிபோல் தட்டையாக நின்றது. ஹெட்போனில் அத்தனை பெரிய கூட்டத்தின் ஒரு பக்கம் இல்லாமல் போயிருந்தது. மூடிய பக்கத்து மைக்கில் பதிந்த துண்டுகள் அவை, வந்ததெல்லாம் காற்றுதான், மற்றப் பக்கங்கள் தூரத்து முணுமுணுப்பாக மட்டும் கேட்டன. பந்து காலில் படும் ஓசை கேட்டது. ஒருவரையொருவர் கூப்பிடுவது கேட்டது. யாரோ ஒருவன் மூச்சிரைக்க ஓடி, பந்தை அனுப்பிவிட்டு, நீளமாக என்னவோ கத்திக் கேட்டான். அது அவனா, வேறு யாராவதா என்று அவளுக்குத் தெரியாது. மைதானத்தின் விளிம்பில் ஏதோ பறவை இரண்டு தடவை கூவியது. நதியா அந்தத் துண்டை ஐந்தாறு தடவை கேட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்பதை அழுத்தினாள். அன்று முழுக்க அந்தப் பொத்தானைத்தான் அழுத்திக்கொண்டிருந்தாள். வெயில் ஏறி, பனி ஏரி மேலெழும்பிக் கொட்டாயைச் சூழ்ந்தபோதும் எழுந்திருக்கவில்லை. அதற்குள்ளே அவர்கள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். பதினொரு பேர், இன்னொரு பதினொரு பேர். யாரும் தனியாகத் தெரியவில்லை.

இரண்டு ஆட்டம் முடிந்து இருக்கைகளைத் திறந்தார்கள். பிப்ரவரித் துண்டுகளில் அந்தச் சத்தம் திரும்பி வந்தது. முன்பைப்போல் ஒரு பக்கம் முழுக்க இல்லை, ஒரு மூலையிலிருந்து மட்டும். நதியா எதிர்பார்த்துத்தான் இருந்தாள்.

புளி உலுக்கும் நாட்கள் அவை. கீழே மங்கம்மாளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் மரத்தடியில் கோணிகளை விரித்து, விழுந்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு துண்டில் அந்த மூலை தொடங்கியது. ஊ, ஊ, ஊ. மூன்றாவது விநாடியில் வேறு ஏதோ எழுந்தது. முதலில் ஒருவர் கைதட்டினார். தாளமில்லாமல், அவசரமாக. பிறகு பத்துப் பேர். பிறகு எதிர்ப்பக்கம் முழுவதும் எழுந்துகொண்டதுபோல் கைத்தட்டல் உருண்டு வந்து அந்த மூலையின்மேல் விழுந்தது. பத்தாவது விநாடியில் அடியில் இருந்த சத்தம் கேட்கவில்லை. இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு தேடினால்தான் கேட்டது.

அவள் நவீன்குமாரைக் கூப்பிட்டாள்.

"ஒரே துண்டுல ரெண்டு வருது. திட்டுறதும் கீது, கைத்தட்டலும் கீது."

"அனுப்பு, கேக்கறேன்." ஒரு நிமிடம் கழித்து அவன் குரல் வந்தது. "ஆமா. யாருக்குத் தட்டுறாங்க?"

"அவருக்குத்தான்."

"ஒரு பட்டன்தான் அமுக்க முடியும் நதியா. இன்னா போடலாம்? நீயே சொல்லு."

அவள் இன்னொரு தடவை கேட்டாள். கைத்தட்டல் அழகாக இருந்தது, அதைப் போடத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் அந்த மூலையிலிருந்து வந்ததை ஒருவன் இப்போதும் கேட்டுக்கொண்டுதான் ஓடுகிறான்.

"இனவசைனே போடறேன். குறிப்புல இன்னொண்ண எழுதறேன்."

"சரி. அப்டியே ஏத்துக்கறேன்."

குறிப்புக் கட்டத்தில், "பலர் கைதட்டி இதை அமுக்கப் பார்க்கிறார்கள். அதையும் கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று எழுதினாள். அனுப்பிவிட்டு, ஹெட்போனை நாற்காலியில் வைத்தாள். கீழே மங்கம்மாள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு கோணி நிறைந்துவிட்டது, தூக்கிவிட ஆள் வேண்டும். நதியா துப்பட்டாவின் முனையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கினாள்.